3-சி, பார்வதிபுரம்

பன்னிரண்டாயிரம் தருகிறோம், நாலு ராத்திரி போதும் என்றான்
டைரக்டர் அஜின் ரெக்சன்.
நான் அப்போது சோகாரில், நைட் ஷிப்டில்.
சாவி மச்சானிடம் இருந்தது.
சரி என்று ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

படத்தின் மொத்தச் செலவு நாலரை லட்சம்,
அதில் ஒரு லட்சம் அவன் அக்காவின் வளையல்.
பேய்க்குச் சம்பளம் ராத்திரிக்கு அறுநூறு, புரோட்டா தனி.
தக்கலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற பெண்,
பெயர் சுபலா.
பகலில் நிஜ ரத்தம்,
இரவில் மைதாவும் ரோஸ்மில்க் எசன்சும்.

காற்றுக்கு மட்டும் யாரும் காசு கொடுக்கவில்லை.
ஆடி மாதம்.
ஆரல்வாய்மொழியில் காற்றாடிகளைச் சுற்றிவிட்டு மிஞ்சியதெல்லாம்
பில்டர் பூசாமல் விட்ட ஜன்னல் இடுக்கில் நுழைந்து
ஊளையிட்டது.
சவுண்டு பார்க்கிற பையன்
மைக்கை அங்கே நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டானாம்.

மார்த்தாண்டத்தில் இரண்டு நாள் ஓடியது.
லீவில் வந்த நான் இரண்டாம் நாள் போனேன்.
என்னோடு சேர்த்துப் பதினோரு பேர்.
பரணிலிருந்து அவள் தலைகீழாக இறங்கியபோது
பத்துப் பேர் கத்தினார்கள்.
நான் அவளுக்குப் பின்னால் சுவிட்ச்போர்டைப் பார்த்தேன்.
கோணல்.
நேராக வை, நேராக வை என்று எலக்ட்ரீசியனிடம்
வீடியோ காலில் நாற்பது நிமிடம் கத்திய பலகை.

டைல்ஸ், கதவு, கழுவும் தொட்டி
எல்லாம் ஆறு அங்குலத் திரையில் தேர்ந்தெடுத்தவை.
மச்சான் சாவியை இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.
என் வீட்டை நான் முழுசாக அன்றுதான் பார்த்தேன்.
பெரிசாகத்தான் இருந்தது.
அதில் அவள் நாலு ராத்திரி இருந்திருக்கிறாள்.
நான் ஒன்றும் இல்லை.

கம்பெனி மூடி ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது
படம் எல்லார் போனிலும் இருந்தது.
பையன்கள் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள்.
ரத்தம் சொட்டிய வழியைத்
துடைத்த பிறகும் எறும்புகள் மறக்கவில்லை.
ஹாலில் ஒரு சிவப்புக் கை.
இரண்டு கோட் அடித்தும்
ஐப்பசி மழைக்கு மேலே வந்துவிட்டது.
கீழ்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் சத்தியம் செய்கிறார்,
பூட்டிய வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்டதாக.
படத்தில் கொலுசே கிடையாது.
அதற்குப் பட்ஜெட் இல்லை.

"அண்ணா, மூணாம் மாடின்னு வாயத் தெறக்காதீங்க,
ரெண்டுக்கு மேலன்னு சொல்லுங்க"
என்றான் புரோக்கர் வின்சிலால்.
பேய்க்காவது அமாவாசை.
வங்கிக்கு மாதாமாதம் ஐந்தாம் தேதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
குடையை மடக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.
முகத்தில் பவுடர் இல்லாததால் அடையாளம் தெரியவில்லை.
"கீசர் வேலை செய்யாது, தெரியும்.
பாத்ரூம் தாழ்ப்பாளத் தூக்கித்தான் போடணும், தெரியும்.
பரண்ல ஒரு ஆள் தாராளமா படுக்கலாம்."

ஏழு வீடு பார்த்தாளாம்.
வீட்டுக்காரர் எங்கே என்று ஏழிலும் கேட்டார்களாம்.
விட்டுட்டேன் என்றதும்
நீட்டிய சாவி திரும்ப மடிக்குப் போனதாம்.
"பேயின்னாகூட கொள்ளாம்,
ஒத்தைக்கு ஒரு பொம்பளைன்னா பயம், கேட்டியளா?"

எட்டாயிரம் என்றேன்.
"நான் இல்லாம இந்த வீட்ட ஆரு பாத்திருப்பா? ஏழு."
ஏழரை என்றேன்.
"ஏழரை வேண்டாம், வீட்டுக்கு ஏற்கனவே கெட்ட பேரு."

அந்தச் சுவருக்கு இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன் என்றேன்.
அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.
"சாரமில்ல. எனக்க கைதானே."

இப்போது மூன்றாம் மாடியில் விளக்கெரிகிறது.
ஜன்னல் இடுக்கில் ஒரு வெள்ளை நைட்டியைச்
சுருட்டிச் செருகியிருக்கிறாள். காற்று வாயடைத்துக் கிடக்கிறது.
சைக்கிள்கள் நின்றால்
பால்கனிக்கு வந்து முடியை முன்னால் போட்டுக் காட்டுகிறாளாம்.
தாசில்தார் புகார் சொன்னார்.
பேசுகிறேன் என்றேன்.
பேசவில்லை.
வாடகை மூன்றாம் தேதியே வந்துவிடுகிறது.